பன்னிரண்டு கணுக்கள்

வலக்கையின் கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவிலிருந்து புறப்பட்டு, கணுவுக்குக் கணு நின்று, நான்கு விரல்களிலும் உள்ள பன்னிரண்டு கணுக்களையும் மிதித்து முடித்து, ஆள்காட்டி விரலின் மேற்கணுவைத் தாண்டியதும் இறங்க இடமில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது, அவ்வாறு ஓர் எண்ணிக்கை நேரம் தொங்கவிட்ட பின்னரே சுண்டுவிரலுக்குத் திரும்புவது ஜசிந்தாவின் வழக்கம், நாற்பத்தெட்டு ஆண்டுகளாக எதை எண்ணினாலும் அவருக்குப் பன்னிரண்டோடு முடிந்ததில்லை, பெரம்பூரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்த காலத்தில் மாணவியரை வரிசையில் நிறுத்தினாலும், பால் வாங்க நின்றாலும், கோயிலில் பாதிரியாரின் பிரசங்கம் நீண்டுபோனாலும் கட்டைவிரல் தானே புறப்பட்டுவிடும், காலை ஐந்து மணிக்கு எழுவது, பியானோவின் மூடியைத் துடைத்த பின்னரே காப்பி குடிப்பது, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி அடிக்கும்போது எந்த வேலையில் இருந்தாலும் உட்கார்ந்துவிடுவது, யாரையும் மன்னிப்பதற்கு அவசரப்படாமலிருப்பது, இவை அவருடைய ஏனைய பழக்கங்கள், இப்போது வயது எழுபத்தைந்து, இன்று சனிக்கிழமை, மேசைமீது ஒரு நூலின் அச்சுப்படி விரிந்து கிடக்கிறது, அதனருகில் பழுப்பு அட்டை போட்ட நீளமான நோட்டு, அதனருகில் தொலைபேசி, அது இன்னும் சற்று நேரத்தில் ஒலிக்கும், ஒலித்தால் பேசுவது அம்புரோஸாகத்தான் இருக்கும், கணவரின் தம்பி, ஐம்பது ஆண்டுகளாக அண்ணி அண்ணி என்று அழைத்துக்கொண்டே அவரைச் சுவரோடு சேர்த்து வைத்த மனிதர்.

பதினொரு மணி கிளப், ஐம்பதாண்டு வரலாறு, என்று அச்சுப்படியின் முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, எழுதியவர் கிளப்பின் இந்நாள் செயலாளர் சந்தானகிருஷ்ணன், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ட்ரம்பெட்டை எந்தப் பக்கம் ஊதுவது என்று அறியாமலே ஜாஸ் இசையைப் பற்றி நாற்பது கட்டுரை எழுதியவர், நேற்றுக் காலையில் வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தப்பு இருந்தா பாத்துச் சொல்லுங்க மேடம், நாளான்னைக்கு விழாவுல வெளியிடறோம், என்றார், ஜசிந்தா படித்துப் பார்த்தார், தப்பு இருந்தது, ஆனால் அது திருத்தக்கூடிய அளவில் இல்லை, அம்புரோஸ் மாஸ்டர் கிளப்பின் மாடிப்படியில் ஒரு ஞாயிறன்று ஏறிவந்தபோது படிகள் பதின்மூன்று என்பதைக் கவனித்தாராம், அந்தக் கணத்திலேயே பதின்மூன்று தாளக்கட்டங்கள் கொண்ட ஒரு பாட்டு அவருடைய நெஞ்சில் உதித்ததாம், உலகத்தில் எவரும் செய்யாத அந்தப் புதுமைதான் பதினொரு மணி கிளப்பின் அடையாளமாயிற்றாம், இதற்கு மூன்று பக்கம், பிறகு ஒரே ஒரு வரி, பியானோவில் திருமதி செலஸ்டின் துணை நின்றார், அவ்வளவே, கணவரின் பெயர் இருக்கிறது, ஜசிந்தாவின் பெயரைக் காணோம், அவர் அச்சுப்படியை மூடி வைத்ததைச் சம்மதம் என்று கொண்ட சந்தானகிருஷ்ணன், அந்தப் பாட்டு எழுதின பழைய நோட்டைக் குடுத்தீங்கன்னா கண்ணாடிப் பெட்டியில வச்சிடலாம் மேடம், சீட்டுகூட அச்சடிச்சாச்சு, என்று சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார், அம்புரோஸ் மாஸ்டரின் கையெழுத்துப் பிரதி என்று அதில் இருந்தது, இது என் கையெழுத்து சார், என்றார் ஜசிந்தா, சந்தானகிருஷ்ணன் பல் தெரியச் சிரித்தார், தெரியும் மேடம், மாஸ்டரே சொன்னார், அவர் சொல்லச் சொல்ல நீங்க எழுதினீங்களாமே, அண்ணி எழுத்து அச்சு மாதிரி இருக்கும்னு ரொம்பப் பெருமையாச் சொன்னார். நோட்டை நாளை அனுப்புகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார் ஜசிந்தா, காப்பி கொடுக்கவில்லை.

படிகள் பதினேழு. மவுண்ட் ரோட்டின் பக்கச் சந்து ஒன்றில், மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது அந்தக் கூடம், மதுவிலக்கு நடந்த காலம், மற்ற ஊர்களில் மது வைத்து நடத்தும் கச்சேரியை இந்த ஊரில் கட்லெட்டும் தக்காளிச் சாறும் வைத்து நடத்தினார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோயிலுக்கு உடுத்த உடுப்போடே வந்துவிடுவார்கள், பதினொரு மணிக்குக் கதவு சாத்தப்படும், ஒரு நிமிடம் பிந்தியவன் கலெக்டராக இருந்தாலும் படியில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும், போலீஸ் பாண்டில் ஊதப் பழகிய அம்புரோஸ் ட்ரம்பெட், அவருடைய அண்ணன் செலஸ்டின் ஆளுயர பேஸ் வயலின், ஜசிந்தா பியானோ, மற்றவர்கள் வருவார்கள் போவார்கள், ஏறும்போது பதினேழு, இறங்கும்போது பதினேழு, ஞாயிறுதோறும் முப்பத்தொன்பது ஆண்டு ஏறி இறங்கியவருக்குத் தெரியாதா, கட்டைவிரல் சுண்டுவிரலில் தொடங்கிப் பன்னிரண்டு முடித்து, அந்தரத்தில் ஒன்று எண்ணி, மீண்டும் நான்காவது கணுவுக்கு வரும்போது கூடத்தின் வாசல் வந்துவிடும், அந்தக் கட்டடத்தை இடித்துப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன, ஆகவே அம்புரோஸின் மாடியில் இப்போது எத்தனை படி வேண்டுமானாலும் இருக்கலாம், எண்ணிப் பார்க்க மாடி இல்லை. அந்தப் பாட்டு அந்தக் கிளப்பில் புதியவர்களை விழவைக்கும் பொறியாக இருந்தது என்பதையும் வரலாறு எழுதவில்லை, நான்கு தாளத்தட்டு ஒரு கட்டம், பன்னிரண்டு கட்டம் ஆனால் பாட்டு ஒரு சுற்று வந்து முதலுக்குத் திரும்பும், அந்த வகைப் பாட்டுக்கு எந்த ஊரிலும் அதுதான் அளவு, இவர்கள் மட்டும் பதின்மூன்று வாசிப்பார்கள், பன்னிரண்டாவதை இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் திரும்புவார்கள், புதிதாக வருகிறவனிடம் எதையும் சொல்லாமல் மேடையில் ஏற்றுவார்கள், அவன் பன்னிரண்டு முடிந்ததும் நம்பிக்கையாக முதலுக்குத் தாவுவான், தாவிய இடத்தில் தன்னந்தனியாக நிற்பான், கூடம் முழுவதும் விழுந்தான் என்று சொல்லிக் காலால் தரையைத் தட்டும், விழுந்தவன் எல்லோருக்கும் கட்லெட் வாங்க வேண்டும், இது சட்டம், எத்தனையோ பேர் முகம் சிவந்து கட்லெட் வாங்கினார்கள், இரண்டு பேர் வாங்கிவிட்டு அப்புறம் வரவேயில்லை, அம்புரோஸுக்கு அந்தச் சிரிப்பு மிகவும் பிடிக்கும்.

அந்தப் பன்னிரண்டாவதற்குப் பின்னால் இன்னொன்று எங்கிருந்து வந்தது என்றால், மே மாத மத்தியானம் ஒன்றிலிருந்து, ஓட்டு வீடு, புழுக்கம், ஜன்னலில் ஈரத்துணி, செலஸ்டின் கப்பலில் சமையல் செய்யும் ஒருவரிடம் இரவல் வாங்கிய இசைத்தட்டைச் செய்தித்தாளில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவருகிறார், மறுநாள் கப்பல் புறப்படுவதற்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், இசைக்குறிப்புகளை அச்சடித்து விற்கும் கடையெல்லாம் அவர்களுக்கு எட்டாத தூரம், தட்டைக் கேட்டுக் கேட்டுக் காதால் பிடித்துத் தாளில் இறக்குவதுதான் வழி, அதைச் செய்யக்கூடியவர் அந்தக் கூட்டத்தில் ஜசிந்தா ஒருவரே, மற்றவர்களுக்கு எழுதினதைப் பார்த்து வாசிக்க வரும், கேட்டதை எழுத வராது, அம்புரோஸுக்குப் பார்த்து வாசிப்பதும் அரைகுறை, எந்த நாளும் ஊசியைத் தாமே வைக்கிற ஜசிந்தாவை அன்று செலஸ்டின் மேசைப்பக்கம் திருப்பி உட்கார வைத்து, கிராமபோன் என் பொறுப்பு, நீ எழுது, என்கிறார், இதே பழுப்பு நோட்டு, பாட்டின் முதற்சுற்று தெளிவாக வருகிறது, அதற்குப் பிறகு தட்டு தேய்ந்து ஒரே இரைச்சல், ஆகவே முதற்சுற்றையே ஏழு முறை ஓடவிடுகிறார்கள், ஏழு முறையும் பன்னிரண்டாவது கட்டம் இரண்டு தரம் வருகிறது, அவர் கட்டைவிரலால் எண்ணிப் பார்க்கிறார், விரல் அந்தரத்தில் நிற்கிறது, முதல்முறையாக நின்றது அன்றுதான், பதிமூணு வருதுங்க, என்கிறார் திரும்பாமலே, பின்னாலிருந்து செலஸ்டினின் குரல், அமெரிக்காக்காரன் போட்டா அதுல ஒரு காரணம் இருக்கும் ஜசி, கேட்டதக் கேட்டபடி எழுது. தம் வகுப்பில் எவளாவது பதின்மூன்று எழுதிக் கொண்டுவந்திருந்தால் சிவப்பு மையால் அடித்து நோட்டைத் திருப்பி எறிந்திருப்பார், ஆனால் தட்டு கடல் தாண்டி வந்தது, தாம் பெரம்பூரைத் தாண்டாதவர், தட்டை நம்பித் தம் காதைச் சந்தேகித்தார், எழுதினார், அடுத்த ஞாயிறு அந்தத் தாளைப் பார்த்து எல்லோரும் வாசித்தார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவர்களுக்கும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

ஐந்து ஆண்டு கழித்து ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார், ட்ராம்போன் வாசிப்பவர், ஊரில் இரண்டு நாள் தங்கியவர், யாரோ அழைத்துவந்தார்கள், பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே வந்து பின் வரிசையில் சாதாரணமாக உட்கார்ந்தவரை மேடைக்கு இழுத்து, ஒன்றும் சொல்லாமல், வழக்கம்போல் அந்தப் பாட்டைத் தொடங்கினார்கள், அவர் விழுந்தார், கூடம் தரையைத் தட்டியது, அவர் கோபிக்காமல் சிரித்துக்கொண்டே, இதை இப்படி எழுதியது யார், என்று கேட்டார், ட்ரம்பெட்டைத் தொடைமேல் வைத்திருந்த அம்புரோஸ் பியானோவைக் கை காட்டினார், எங்க அண்ணிதான், ஸ்கூல் டீச்சர், பாட்டு வரும், எண்ணிக்கைதான் வராது, தப்பா எழுதிட்டாங்க, பாவம், சொன்னா மனசு கஷ்டப்படும்னு நாங்களும் அப்படியே வாசிச்சிட்டிருக்கோம், என்று ஆங்கிலத்தில் சொன்னார், கூடம் சிரித்தது, முன் வரிசையில் இருந்த பள்ளித் தலைமைக் கன்னியர் சிரித்தார், இரண்டு மாணவியரின் பெற்றோர் சிரித்தனர், பியானோக் கட்டைகளின்மீது இருந்த தம் விரல்கள் தமக்கே அந்நியமாகத் தெரிவதை ஜசிந்தா பார்த்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் பேஸ் வயலினைக் கட்டிப்பிடித்து நிற்கும் செலஸ்டினைப் பார்க்கிறார், அவர் குனிந்து ஒரு முறுக்காணியைத் திருகிக்கொண்டிருக்கிறார், திருக வேண்டிய தேவை இல்லாத முறுக்காணி. வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை, இன்னொரு முறை, என்றார், பிறகு இன்னொரு முறை, மூன்றாம் முறை அந்தப் பதின்மூன்றாவது கட்டத்தில் ஒன்றுமே ஊதாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், முடிந்ததும், எல்லா ஊரிலும் வாசித்திருக்கிறேன், மூச்சு விட இடம் கொடுத்த பாட்டு இது ஒன்றுதான், இந்த நாட்டில் நான் கேட்டவற்றில் சிறந்தது இந்த ஒரு கட்டம், என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, பெயர் வேண்டும், என்றார், அம்புரோஸ் ட்ரம்பெட்டின் வாய்க்குமிழைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே தம் பெயரைச் சொன்னார், எழுத்துக் கூட்டியும் சொன்னார். இரண்டுக்கும் இடையே கால் மணி நேரம்கூட இல்லை, தவறாக இருந்தவரை அது அண்ணியுடையது, சிறப்பு என்று ஒருவர் சொன்னதும் அது தம்பியுடையது, கூடம் கைதட்டியது, கைதட்டியவர்களும் சற்று முன் சிரித்தவர்களும் ஒரே ஆட்கள்தாம்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் உச்சியில் நிற்கிறது, பேஸ் வயலின் கிளப்பிலேயே இருப்பதால் செலஸ்டினுக்கு மறைந்து நிற்க ஒன்றுமில்லை, நீங்களாவது சொல்லக்கூடாதா, தட்டுல கேட்டதைத்தானே எழுதினேன், என்று ஜசிந்தா கேட்கிறார், அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி, தட்டுல அப்படி இல்ல ஜசி, என்கிறார், அன்னைக்குப் பஸ்ஸுல நெரிசல், தட்டு விளிம்புல கீறல் விட்டுச்சு, ஊசி அந்தக் கீறல்ல தட்டிப் பின்னால குதிச்சு வாசிச்சதையே இன்னொரு தரம் வாசிச்சுட்டுத் தாண்டிப் போச்சு, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், இரவல் தட்ட உடைச்சேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் உன்னத் திரும்பி உக்கார வச்சேன், அப்புறம் நீ கேட்டப்ப ஏதோ வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். ஜசிந்தா கணக்குப் போட்டார், ஏழு முறையும் கணவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், ஐந்து ஆண்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், இப்பப் போய்ச் சொன்னா எனக்குத்தான் அசிங்கம், அவன் என் தம்பி, வேற யாருமில்ல, விட்டுடு ஜசி, என்றார் செலஸ்டின், பஸ் வந்தது, ஜசிந்தா பெண்கள் பக்கம் ஏறிக்கொண்டார், விட்டுவிடவில்லை, சொல்லவுமில்லை. அதற்குப் பிறகு பியானோவைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள், ட்ரம்பெட்டின் ஒலி நன்றாகப் பரவும் என்று அம்புரோஸ் காரணம் சொன்னார், நூலில் உள்ள முப்பத்தொரு படங்களில் பத்தொன்பதில் ஜசிந்தா ஒரு கொண்டையாக இருக்கிறார், மற்றவற்றில் அதுவும் இல்லை, ஆயினும் ஒரு ஞாயிறும் அவர் போகாமலிருந்ததில்லை, போகாவிட்டால் அந்தக் கட்டம் முழுவதுமாக அம்புரோஸிடம் போய்விடும், செலஸ்டின் இறந்த மூன்றாம் ஞாயிறும் கறுப்புச் சேலையோடு போய் உட்கார்ந்து வாசித்தார், வாசிக்கும்போதெல்லாம் பன்னிரண்டு முடிந்து அந்தரத்தில் நிற்கிற அந்த ஒரு கணத்தில், இது உங்கள் பொய், இது என் எழுத்து, இது உங்கள் தம்பியின் பெயர், என்று மூன்றையும் ஒருசேர நினைப்பார், பிறகு முதலுக்குத் திரும்புவார்.

நோட்டைத் திறந்தார். நாற்பத்தெட்டு வயதான மை, மங்கவில்லை, கட்டத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பெட்டிகள், பிறகு ஒரு பெட்டி, அவருடைய எழுத்து அச்சைப் போலத்தான் இருக்கிறது, எத்தனையோ ஆண்டுகளாக அதைப் பார்த்தபோதெல்லாம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்றே கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, சொன்னால் செத்துப்போனவரைப் பொய்யராக்கி மேடையில் நிறுத்த வேண்டும் என்பதால் அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் அங்கேயே நின்றுவிடும், இன்றைக்குக் காலையில் காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போது வேறொன்று தோன்றியது, அது இத்தனை நாளும் தோன்றாததுதான் வியப்பு, முப்பது ஆண்டு நோட்டுத் திருத்தியவர், தப்பு யாருடையது என்பதைச் சொல்ல வேண்டாம், தப்பைத் திருத்தலாம், எழுதியவருக்கு அந்த உரிமை உண்டு. மேசை இழுப்பறையில் சிவப்பு மைப்பேனா இருந்தது, உதறி எழுத வைத்தார், பதின்மூன்றாம் பெட்டியின்மீது ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே கோடு, பக்கத்தில் தேதி, கீழே ஜசிந்தா என்று முழுப் பெயர், மை உலர்வதற்காக நோட்டைத் திறந்தே வைத்தார், அப்போதுதான் தொலைபேசி ஒலித்தது.

அண்ணி, நல்லாருக்கீங்களா, என்றார் அம்புரோஸ், எழுபத்தெட்டு வயதுக் குரல், பொய்ப்பல்லில் காற்று வழிகிறது, சந்தானம் சொன்னாரு, நோட்டை இன்னும் குடுக்கலியாமே, நாளைக்கு நாம ரெண்டு பேர்தான் வாசிக்கப்போறோம், பழைய ஆளுங்கள்ல வேற யாரு இருக்கா, பியானோவும் ட்ரம்பெட்டும் மட்டும், ஊரே எழுந்து நிக்கப்போவுது பாருங்க. நோட்டு அனுப்பறேன் தம்பி, என்றார் ஜசிந்தா, புத்தகம் படிச்சேன், படி பதினேழு. மறுபக்கத்தில் ஒரு சிரிப்பு, விடுங்கண்ணி, பேப்பர்காரன் ஏதாவது கதை சொல்லுன்னு கேட்டான், சொன்னேன், அது அப்படியே நின்னுபோச்சு, இப்ப யாரு போய் எண்ணப்போறா. என் பேரு அதுல இல்ல, என்றார். இருக்கே, அண்ணன் பேரு இருக்குதே, அண்ணன் பேரு உங்க பேரு இல்லியா, என்றவர், குரலை மாற்றிக்கொண்டார், இதோ பாருங்கண்ணி, மனசுல வச்சுக்காம கேக்கறேன், நீங்க ஒரு மத்தியானம் எழுதினீங்க, அதுவும் தப்பா எழுதினீங்க, ஐம்பது வருசம் அதை ஊதி ஊதிப் பாட்டா ஆக்குனவன் யாரு, என் பல்லு போனது எதுல, சொல்லுங்க. ஜசிந்தா அதை நேர்மையாக எண்ணிப் பார்த்தார், அதில் நியாயம் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது, அந்த அந்தரமான கட்டத்தில் அம்புரோஸ் ஊதியதைக் கேட்டு ஜசிந்தாவின் விரல்களே முதலுக்குத் திரும்பப் பிந்திய ஞாயிறுகள் உண்டு, வெறுக்கிறவரின் வாசிப்பில் உள்ள நல்லதை மறைக்க அவருக்குத் தெரியாது, சொல்லவும் மனம் வராது. நல்லாத்தான் ஊதினீங்க, என்றார் கடைசியில், தப்புன்னு நீங்களே சொல்றீங்க, அதான் திருத்திட்டேன், நோட்டுல சிவப்பு மையில அடிச்சு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டிருக்கேன், கண்ணாடிப் பெட்டியில அதையே வச்சிக்கச் சொல்லுங்க.

என்னத்தை அடிச்சீங்க, என்று கேட்டார் அம்புரோஸ், கேட்கும்போதே புரிந்துகொண்டதும் தெரிந்தது, பொய்ப்பல்லின் காற்று நின்றுபோயிற்று, அண்ணி, ஐம்பது வருசமா பதிமூணுல பழகின வாயி, மேடையில வந்து வெளையாடாதீங்க, மந்திரி வராரு, என் பேரப் பசங்க வராங்க, என்றார், பிறகு சிரிக்க முயன்று, இந்த வயசுல என்னக் கட்லெட் வாங்க வைக்கப் பாக்கறீங்களா, என்றார், அந்தச் சிரிப்புக்குத் தரையைத் தட்ட யாருமில்லை. ஜசிந்தா மடிமீது கிடந்த வலக்கையைப் பார்த்தார், கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவிலிருந்து புறப்பட்டிருந்தது, கணுவுக்குக் கணு நின்று போயிற்று, அணிவிரல், நடுவிரல், ஆள்காட்டி விரலின் கீழ்க்கணு, நடுக்கணு, மேற்கணு, அதற்கு மேல் தாண்டவில்லை, தொங்கவுமில்லை, வீட்டுக்குத் திரும்புவதுபோலச் சுண்டுவிரலின் அடிக்கு வந்து உட்கார்ந்தது, நோட்டில் சிவப்பு மை உலர்ந்துவிட்டது, நாளைக்குப் பதினொரு மணிக்கு வந்துடறேன் தம்பி, பன்னெண்டுதான் வாசிப்பேன், என்றார்.